துளை போடாமல்

ஆரையம்பதியில் குழி தோண்டினால்
அதற்குப் பெயர் கிணறு.
மூன்றடியில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்,
மார்கழியில் இரண்டடியில்.
ஆகவே குழி வெட்டி, மேலே காரை நிறுத்தி,
கீழே நின்று நட்டுக் கழற்றும் யோசனையை
முதல் நாளே கைவிட்டேன்.

பதினேழு வருடம் மட்டையில் படுத்த முதுகு இது.
பிரிட்ஜ் வந்த பெட்டியை விரித்து அதன் மேல் நான்,
என் மேல் கார்.
போன ஆவணியில் முற்றத்து மணல்
ஜக்கை மெல்ல விழுங்கியது.
நான் அதைப் பார்க்கவில்லை, கேட்டேன்.
கழற்றி அடியில் போட்டிருந்த ரயர்தான் காரைத் தாங்கியது.
சுகிர்தா அன்று உலை வைக்கவில்லை.
"தூக்குற சாமான் ஒண்டு வாங்குங்க.
ஆனா என்ட தரையில துளை போடப்படா."

என்ட தரை. உண்மைதான்.
உறுதியில் இருப்பது அவள் பெயர்.
கராஜில் சீமெந்து மூன்று அங்குலம், அதற்குக் கீழே கடல் மண்.
கம்பியால் தட்டிப் பார்த்தேன்:
மூலையில் டங்,
நடுவில் டொப்.
அந்த டொப்புக்கு மேல் ஆயிரத்து எண்பது கிலோவை
அந்தரத்தில் நிறுத்த வேண்டும்.

கல்முனையில் ஜெஸீலின் கடை.
இரண்டு தூண் லிஃப்ற், பார்க்க மாப்பிள்ளை மாதிரி.
நாலரை அங்குலக் கொங்கிறீற்றும்
பத்துப் போல்ட்டும் கேட்கிறது, சீதனமாய்.

நாலு தூண் எதையும் கேட்காது,
மாடு நிற்பதுபோல் தன் பாரத்திலேயே நிற்கும்.
என் கூரையோ எட்டரை அடி, அஸ்பெஸ்ரஸ்.
தூக்கிய அன்றே வானம் தெரியும்.

கத்தரி லிஃப்ற் நடுவை மறைத்துக்கொண்டு எழுகிறது.
கியர்ப்பெட்டி இறக்குகிறவனுக்கு
நடுவில்தானே வேலை.

"மறுகா இதப் பாருங்க" என்றார் ஜெஸீல்.
இரண்டு நீளச் சட்டங்கள்,
ஒவ்வொன்றும் ஓர் ஆள் இழுக்கும் பாரம்.
காரின் அடியில் இரு பக்கமும் தள்ளி
பம்பை அமத்தினால் இருபது அங்குலம் எழும்பும்.
கரண்ட் போனாலும் பற்றறியில் ஓடும்.
முடிந்ததும் சுவரில் சாய்த்து வைக்கலாம்.

இருபது அங்குலம்.
நிற்க ஏலாது. குந்தவும் ஏலாது.
திரும்பவும் படுக்கைதான்;
ஆனால் என் மூக்குக்கும் சைலன்ஸருக்கும் நடுவே
ஒரு முழக் காற்று.
விலையைக் கேட்டு இரண்டு பிளேன்ரீ குடித்தேன்.

அடுத்த கிழமை சுகிர்தாவும் வந்தாள்.
விலையை அவள் கேட்கவில்லை.
"எண்ணெய்க் குழாய் வெடிச்சா?"
ஜெஸீல் சட்டத்தை உயர்த்தி லொக்கைக் காட்டினார்.
க்ளிக்.
இன்னும் கொஞ்சம் மேலே, க்ளிக்.
சந்தையில் தேங்காயைத் தட்டிக் கேட்பவள்போல்
தலையைச் சாய்த்து நின்றாள்.
"மற்றப் பக்கம்?"
அதுவும் க்ளிக்.
"சரி, ஏத்துங்க."

ஞாயிறு காலை. சட்டங்களுக்குக் கீழே பலகை விரித்தேன்,
பாரம் ஓரிடத்தில் குத்தாமல் பரவ.
கார் எழுந்தது, தூக்கக் கலக்கத்தில் எழும் பிள்ளைபோல்
முன்பக்கம் முதலில், பிறகு பின்.
தோளால் இடித்துப் பார்த்தேன். அசையவில்லை.
கீழே நுழைந்து மல்லாந்து கிடந்தபோதுதான் தோன்றியது:

இந்த வீட்டுக்கு நான் வந்தது
ஒரு சூட்கேசோடும் ஒரு ஸ்பானர் செற்றோடும்.
பத்தொன்பது வருடம்.
சுவரிலோ நிலத்திலோ
என் பெயரில் ஓர் ஆணி இல்லை.
இதுவரை சரியவும் இல்லை.

இதை அவளிடம் சொல்லலாம்தான்.
"அப்ப உங்கட க்ளிக் எங்க?" என்று கேட்பாள்.

வாசலில் அவள் பாதங்கள் தெரிகின்றன,
உள்ளே வருவதா இல்லையா என்று.
சம்பில் இருந்து ஒரு சொட்டு எண்ணெய்
தரையில் விழுகிறது.
அவள் குனிவதற்குள்
சாரத்தின் நுனியால் துடைத்துவிடுகிறேன்.